கடல்நீர் மீன்தொட்டியில் உயிரினப் பொருத்தம்

கடல்நீர் மீன்தொட்டியில் உயிரினப் பொருத்தம் என்பது, வீடுகளில் பராமரிக்கப்படும் உவர்நீர்த் தொட்டி ஒன்றில் எந்தெந்த மீன்களும் பவளங்களும் பிற முதுகெலும்பிலிகளும் ஒன்றுக்கொன்று தீங்கின்றிச் சேர்ந்து வாழக்கூடும் என அறிந்து அவற்றைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். நன்னீர்த் தொட்டியில் தவறான இணையின் விளைவு பெரும்பாலும் கிழிந்த துடுப்போடு நின்றுவிடும். கடல்நீர்த் தொட்டியிலோ பொருந்தாத ஓர் உயிரியே ஏனைய அனைத்தையும் கொன்றுவிடக்கூடும். தொட்டியில் வைக்கப்படும் உயிரினங்களில் பல இன்றும் இயற்கைப் பவளப்பாறைகளில் இருந்து பிடிக்கப்பட்டவையே என்பதால், தெரிவில் நேரும் பிழையின் இழப்பு தொட்டியின் உரிமையாளரோடு முடிந்துவிடுவதில்லை.

பவளம் பார்வைக்குச் செடி போலத் தோன்றினாலும் அது விலங்காகும். கொட்டும் அணுக்களைக் கொண்ட குழியுடலிகளுள் ஒன்றான அது இடத்துக்காகப் போரிடும், இரை பிடிக்கும், நஞ்சு உமிழும். அழகுக்காக அடுக்கி வைக்கும் பொருளாகப் பவளத்தைக் கருதுவதே தொடக்கநிலையாளர்களின் பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணமாகும்.

வரலாறு

இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் 1853ஆம் ஆண்டு பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் என்றி கோசு என்னும் இயற்கையியலாளர் இத்துறை பற்றி எழுதிய நூல் இங்கிலாந்தில் இப்பொழுதுபோக்கைப் பரப்பியது. அக்காலத் தொட்டிகளில் குளிர்கடல் உயிரினங்களே வைக்கப்பட்டன. வெப்பமண்டலப் பவளங்களை வீட்டில் வளர்ப்பது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது.

1960களின் தொடக்கத்தில் யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், நுண்ணுயிர்கள் குடிகொண்ட கடற்பாறைத் துண்டுகளையும் காற்றுக் குமிழ்களையும் மட்டுமே கொண்டு பவளங்களை உயிருடன் வைத்திருக்கும் முறையை வெளியிட்டார். இப்பாறைத் துண்டுகள் 'உயிர்ப்பாறை' எனப்படுகின்றன. பின்னர் செருமனியின் பெர்லின் நகரத் தொட்டி வளர்ப்பாளர்கள் உயிர்ப்பாறை, வலிமையான ஒளி, புரதங்களை நுரையாக்கி அகற்றும் கருவி (புரத நுரைப்பான்) ஆகிய மூன்றையும் இணைத்தனர். 'பெர்லின் முறை' எனப் பெயர் பெற்ற இதுவே இன்றைய வீட்டுப் பவளத் தொட்டிகளின் அடிப்படையாகும்.

நீரின் தன்மை

பொருத்தம் பற்றிப் பேசும் முன் நீரைப் பற்றிச் சுருக்கமாக அறிதல் வேண்டும். பவளத் தொட்டியின் உவர்மை ஆயிரத்துக்கு 35 பங்கு அளவிலும், வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியசு வரையிலும், காரகாடித்தன்மைச் சுட்டெண் 8.1 முதல் 8.4 வரையிலும் இருத்தல் நன்று. சுண்ணாம்பு எலும்புக்கூட்டை உருவாக்கும் பவளங்களுக்கு இலீட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கால்சியம் தேவை.

புதுத் தொட்டியில் மீன் விடுவதற்கு முன், கழிவில் தோன்றும் அம்மோனியாவை நைத்திரைட்டாகவும் பின் நைத்திரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக வேண்டும். இதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இக்காலம் முடியும் முன் விடப்படும் மீனுக்கு எந்தத் துணையும் பொருத்தமானதன்று.

பெரிய மீன்கள் உண்ணும் அளவும் கழிக்கும் அளவும் மிகுதி. அவை வாழும் நீரில் நைத்திரேட்டும் பாசுபேட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். தூய நீரில் மட்டுமே நிறம் கொள்ளும் அக்ரோபோரா போன்ற பவளங்கள் அந்நீரில் பழுப்பேறி நலியும். ஆகவே ஒரு மீன் பவளத்தைத் தொடாமலேயே அதற்குப் பொருந்தாததாக ஆகலாம்.

மீன்களுக்கிடையே பொருத்தம்

முதல் விதி எளியது: வாய்க்குள் அடங்கும் எதுவும் இரையே. சிங்கமீனும் களவாயும் அஞ்சாலையும் இயல்பில் சண்டையிடுபவை அல்ல. எனினும் தம் அருகே உறங்கும் சிறு மீனை ஓர் இரவில் விழுங்கிவிடும். சிங்கமீனின் வாய் அதன் தலையளவுக்கு விரியக்கூடியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது எல்லைப் பூசல். பவளப்பாறை மீன்கள் பல, ஒரு பொந்தையோ பாறை முகட்டையோ தமதாக்கிக் காக்கும் இயல்புடையவை. கடலில் தோற்ற மீன் விலகிச் சென்றுவிடும். கண்ணாடிச் சுவருக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. சண்டை பெரும்பாலும் உருவம், நிறம், உணவு ஆகியவற்றில் ஒத்த மீன்களிடையே மூள்கிறது. ஒரு மஞ்சள் டாங் மீன் பக்கத்தில் நீந்தும் உளுவையைப் பொருட்படுத்தாது. இன்னொரு டாங் வந்தாலோ, வாலின் அடியில் உள்ள கத்தி போன்ற முள்ளால் கீறும். இம்முள்ளின் காரணமாகவே இக்குடும்பத்துக்கு 'சர்ஜன் மீன்' என்ற பெயர் ஏற்பட்டது.

நீல டாம்செல் மீன்கள் விலை குறைந்தவை, எளிதில் சாகாதவை. எனவே புதியவர்களுக்கு முதல் மீனாக இவையே விற்கப்படுகின்றன. இது மோசமான அறிவுரை. விரல் நீளமே உள்ள டாம்செல் மீன், தொட்டி முழுவதையும் தன் நிலமாகக் கருதிப் பின்னர் வரும் ஒவ்வொரு மீனையும் துரத்தும். அதைப் பிடித்து அகற்றப் பாறைகள் அனைத்தையும் கலைக்க நேரிடும்.

இதனாலேயே மீன்களை விடும் வரிசை முதன்மை பெறுகிறது. அமைதியான, கூச்சம் மிகுந்த மீன்கள் முதலிலும் எல்லை காக்கும் மீன்கள் இறுதியிலும் விடப்படுகின்றன. பின்னால் வரும் வலிய மீன் ஏற்கெனவே நிலைபெற்ற மீன்களிடையே தயங்கி நடக்கும். வரிசையை மாற்றினால் அதே மீன்கள், அதே தொட்டி, முடிவோ வேறு.

கோமாளி மீன்களின் பால் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. இவை அனைத்தும் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறுகிறது. பெண் இறந்தால் அதற்கு அடுத்த ஆண் பெண்ணாகும். ஆகவே அளவில் வேறுபட்ட இரு இளம் மீன்களை ஒருசேர வாங்கினால் அவை தாமே இணையாகிவிடும். இணையான இரண்டுடன் மூன்றாவதைச் சேர்ப்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். கோமாளி மீன்களுள் ஒசெல்லாரிசு இனம் அமைதியானது. கருஞ்சிவப்புக் கோமாளி மீனின் பெண்ணோ தன்னிலும் பெரிய மீன்களைத் தாக்குவதோடு தொட்டிக்குள் நீளும் கையையும் கடிக்கும்.

வளர்ந்தபின் மீன் அடையும் அளவும் முன்கூட்டியே அறியப்பட வேண்டும். 2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தால் சிறுவர் பலரும் அறிந்த நீல டாங் மீன் கடையில் ஐந்து சென்ட்டிமீட்டர் நீளத்தில் கிடைக்கும். அது ஏறத்தாழ 30 சென்ட்டிமீட்டர் வரை வளரும். நாள் முழுதும் நீந்தும் இம்மீன் சிறு தொட்டியில் அழுத்தத்துக்கு உள்ளாகித் தோல் நோய்களால் எளிதில் பீடிக்கப்படுகிறது.

சில மீன்கள் யாருடனும் சண்டையிடாதவை, எனினும் பொருந்தாதவை. மாண்டரின் மீன் பாறையில் வாழும் நுண்ணிய கோப்பிபாடுகளை இடைவிடாது பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில் அவை சில நாள்களில் தீர்ந்துவிட, மீன் மெல்லப் பட்டினியால் மடியும். அதே உணவை நாடும் ஆறுகோட்டு ராஸ் மீன் உடனிருந்தால் முடிவு விரைவில் வரும். பெட்டி மீன் அச்சுறுத்தப்பட்டாலோ இறந்தாலோ தோலில் இருந்து நஞ்சைச் சுரக்கிறது. கடலில் நீரோட்டம் அதை அடித்துச் சென்றுவிடும். சிறு தொட்டியில் உள்ள மீன்கள் அந்நஞ்சால் சில மணி நேரத்தில் இறந்துபோகக்கூடும்.

மீனும் பவளமும்

வணிகர்கள் மீன்களைப் 'பவளத்துக்குப் பாதுகாப்பானவை', 'பாதுகாப்பற்றவை' என இரண்டாகப் பிரிக்கின்றனர். இப்பிரிவு பயனுள்ளதே ஆயினும் முழுமையானதன்று. வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்கள் பவள மொட்டுகளைத் தவிர வேறெதையும் உண்ணாதவை. அக்ரோபோராவை நம்பி வாழும் மூவரி வண்ணத்துப்பூச்சி மீன் இதற்கு எடுத்துக்காட்டு. இத்தகைய மீன்கள் பவளத் தொட்டியில் பவளத்தை அழிக்கும். பவளமற்ற தொட்டியில் பட்டினியால் இறக்கும். எந்த வீட்டுத் தொட்டிக்கும் இவை ஏற்றவையல்ல என்பதே நேர்மையான விடை.

தேவதை மீன்களின் நிலை ஐயத்துக்கு இடமானது. பேரரசத் தேவதை மீன் போன்ற பெரிய இனங்கள் கடலில் கடற்பஞ்சுகளை மேய்பவை. தொட்டியில் அவை சதைப்பற்றுள்ள பவளங்களையும் பெருஞ்சிப்பிகளின் மேலாடையையும் கொத்தும். குள்ளத் தேவதை மீன்களில் ஒன்று ஆண்டுக்கணக்கில் எதையும் தொடாமல் இருக்கும். அதே இனத்தின் இன்னொன்று முதல் வாரத்திலேயே கொத்தத் தொடங்கும். இவ்வேறுபாடு இனத்தைவிடத் தனி மீனைப் பொறுத்ததாக உள்ளது.

கிளாத்தி மீன்களும் பேத்தை மீன்களும் ஓடுடைய உயிரினங்களை உடைத்துத் தின்பதற்கென்றே அமைந்த பற்களை உடையவை. நத்தை, இறால், துறவி நண்டு ஆகியவற்றை இவை விட்டுவைப்பதில்லை. மிதவை உயிரிகளை உண்ணும் சில கிளாத்தி இனங்கள் மட்டும் விலக்காகக் கருதப்படுகின்றன.

மாறாக, கொன்றுண்ணியான சிங்கமீன் பவளத்தைத் தீண்டுவதே இல்லை. சிறு மீனும் இறாலும் இல்லாத தொட்டியில் பவளங்களோடு அது நன்கு வாழும். நீள்மூக்குப் பருந்து மீனும் இவ்வாறே பவளக் கிளையில் அமர்ந்திருக்குமே தவிர அதை உண்ணாது. கிளைக்குக் கீழே வரும் சிறு இறாலுக்குத்தான் ஆபத்து. எனவே 'பாதுகாப்பானதா' என்று கேட்பவர் 'எதற்கு' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கோமாளி மீனும் கடற்சாமந்தியும் இணைந்து வாழ்வது அனைவரும் அறிந்தது. கடையில் பெரும்பாலும் ஒன்றாக விற்கப்படும் ஒசெல்லாரிசு கோமாளி மீனும் குமிழ்முனைக் கடற்சாமந்தியும் இயற்கையில் இணையானவை அல்ல என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். தொட்டியில் பல வேளைகளில் மீன் அதனை ஏற்றுக்கொள்கிறது. சில வேளைகளில் அருகில் உள்ள யூஃபிலியா பவளத்தினுள் புகுந்து, ஓயாத உரசலால் அது விரியாமல் செய்துவிடுகிறது. கோமாளி மீனுக்குத் தொட்டியில் கடற்சாமந்தி கட்டாயத் தேவையன்று.

பொருத்தத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு உளுவைக்கும் சொடுக்கு இறாலுக்கும் இடையிலான உறவாகும். பார்வை மங்கிய இறால் இடைவிடாது வளை தோண்டுகிறது. உளுவை வாயிலில் காவல் நிற்கிறது. இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் உணர்கொம்பு ஒன்றை மீனின் மேல் வைத்திருக்கும். மீன் உடலை அசைத்து எச்சரித்ததும் இரண்டும் வளைக்குள் மறையும். மணல் பரப்பு உள்ள எந்த அமைதியான தொட்டியிலும் இதனைக் காணலாம்.

பவளங்களுக்கிடையே பொருத்தம்

தொட்டி வளர்ப்பில் பவளங்கள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன: எலும்புக்கூடு அற்ற மென்பவளங்கள், பெரிய மொட்டுகளை உடைய கற்பவளங்கள், சிறிய மொட்டுகளை உடைய கற்பவளங்கள். இது வளர்ப்போரின் வசதிக்கான பிரிவே அன்றி அறிவியல் வகைப்பாடு அன்று. மூன்றிலும் பெரும்பாலானவற்றின் திசுக்களில் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகள் வாழ்கின்றன. பவளத்தின் உணவில் பெரும்பகுதி இவற்றிலிருந்தே கிடைக்கிறது.

ஒளித் தேவை வகைக்கு வகை மாறும். அக்ரோபோரா உச்சி வெயிலை ஒத்த ஒளியையும் குழப்பமான வலிய நீரோட்டத்தையும் நாடும். காளான் பவளம் நிழலில் செழிக்கும். பாறையின் உச்சி, நடு, அடி என மூன்று மட்டங்களைத் திட்டமிட்டால் ஒரே விளக்கின் கீழ் இரண்டையும் வைக்க முடியும். ஒளியைவிட நீரோட்டமே இங்குச் சிக்கலானது. யூஃபிலியாவின் சதைப்பற்றுள்ள உணர்கொம்புகள் வலிய ஓட்டத்தில் எலும்புக்கூட்டின் விளிம்பில் உரசிக் கிழிந்துவிடும்.

பவளங்களின் போர் முறைகள் மூன்று. முதலாவது, துடைப்புக் கொம்புகள். பகலில் குட்டையாகத் தோன்றும் கலாக்சியா பவளம், இரவில் மெல்லிய நீண்ட கொம்புகளை நீரோட்டத்தில் மிதக்கவிட்டு 20 சென்ட்டிமீட்டருக்கும் அப்பால் உள்ள அண்டைப் பவளத்தையும் கொட்டிவிடும். விளக்கு அணைந்தபின் நிகழ்வதால், காலையில் வெண்ணிறமாகக் கிடக்கும் திசுவுக்கு உரிமையாளர் நோயைக் காரணமாகக் கருதுவதுண்டு.

இரண்டாவது முறையை 1970களின் தொடக்கத்தில் யூடித் லாங் என்னும் ஆய்வாளர் யமேக்காவின் பவளங்களைக் கொண்டு விளக்கினார். ஒரு பவளம் தன் குடற்குழியில் உள்ள செரிமான இழைகளை உடலுக்கு வெளியே நீட்டி, தொடும் தொலைவில் உள்ள அண்டைப் பவளத்தை அதன் இடத்திலேயே செரித்துவிடுகிறது. எந்த இனம் எதனை வெல்லும் என்பதில் ஓர் ஏற்றவரிசை இருப்பதையும் அவர் காட்டினார். விரைந்து வளரும் கிளைப் பவளங்களை, மெல்ல வளரும் திரட்சியான பவளங்கள் இம்முறையால் தடுத்து நிறுத்துகின்றன.

மூன்றாவது வேதிப்போர். மென்பவளங்களுக்குத் துடைப்புக் கொம்புகளோ கடின எலும்புக்கூடோ இல்லை. மாறாக சார்க்கோபைட்டான், சினுலாரியா போன்றவை தெர்ப்பீன் வகைச் சேர்மங்களை நீரில் கலக்கின்றன. இவை அருகில் உள்ள கற்பவளங்களின் வளர்ச்சியைத் தடுப்பதும் கொல்வதும் 1980களில் ஆத்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. கடலில் இச்சேர்மங்கள் நொடியில் நீர்த்துப்போகும். தொட்டியிலோ அதே நீரே சுழன்று வருகிறது. ஆகவே மென்பவளத்துக்கும் அக்ரோபோராவுக்கும் இடையே எத்தனை இடைவெளி விட்டாலும் அது முழுப் பாதுகாப்பு ஆகாது. கலப்புத் தொட்டி வைத்திருப்போர் கிளர்வூட்டிய கரியை வடிகட்டியில் இட்டுத் தவறாமல் மாற்றுவதும் ஒழுங்காக நீரில் ஒரு பகுதியை மாற்றுவதும் இதனாலேயே. தொடக்கநிலையாளர் மூவகையையும் கலப்பதைவிட ஏதேனும் ஒரு வகையைத் தெரிவு செய்து அதிலேயே நிற்பது எளிது, செலவும் குறைவு.

இடைவெளி பற்றிய பொது வழக்கு 15 சென்ட்டிமீட்டர் ஆகும். கலாக்சியாவுக்கு இது போதாது. செனியா, பச்சை விண்மீன் பவளம் ஆகியவை போரிடாமல் படர்ந்தே அண்டையாரை மூடிவிடும். இவற்றை மணலில் தனித்து நிற்கும் பாறையில் வைப்பது வழக்கம்.

கடற்சாமந்திக்குக் கால் உண்டு என்பதையும் மறத்தல் கூடாது. தான் ஒட்டிய இடம் பிடிக்காவிட்டால் அது நகரும். செல்லும் வழியில் உள்ள பவளங்களை எல்லாம் கொட்டும். நீரியக்கியின் உறிஞ்சுவாயில் சிக்கிச் சிதைந்தால் தொட்டி நீர் முழுதும் கெட்டுவிடும்.

மனிதருக்கான ஆபத்து

பொருத்தம் என்பது தொட்டிக்கு வெளியே உள்ளவர்களையும் உள்ளடக்கியது. பாலித்தோவா வகை மொட்டுக் கூட்டங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் உள்ளது. இது இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளுள் ஒன்று. இவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் இட்டுத் தூய்மைப்படுத்த முயன்ற குடும்பங்கள் ஆவியைச் சுவாசித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. பாறையை ஒருபோதும் கொதிக்க வைத்தல் கூடாது. இவ்வகையை வெட்டும்போதும் துலக்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் அணிவது கட்டாயமாகும். சிறுவர் உள்ள வீடுகளில் இதனையும் முதுகு முட்களில் நஞ்சுடைய சிங்கமீனையும் தவிர்ப்பதே முறை.

நோயும் தனிமைப்படுத்தலும்

கடல்நீர் வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகாரியான் ஒட்டுண்ணிக்குச் செப்புச் சேர்மம் பயனுள்ள மருந்தாகும். ஆனால் மீனைக் காக்கும் செறிவில் செம்பு பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். அதாவது பவளத் தொட்டியில் நோயுற்ற மீனுக்கு அங்கேயே மருந்திட இயலாது. இக்காரணத்தால் ஒவ்வொரு புது மீனும் நான்கு முதல் ஆறு வாரங்கள் தனித்தொட்டியில் வைக்கப்படுகிறது. நோய் முதன்மைத் தொட்டியில் புகுந்துவிட்டால் மீன்கள் அனைத்தையும் வெளியேற்றி, ஒட்டுண்ணியின் உறைநிலைகள் பொரிந்து ஓம்புயிரின்றி மடியும் வரை ஏறத்தாழ 11 வாரங்கள் அத்தொட்டியை மீனின்றி விட வேண்டும். புதுப் பவளங்களும் பாறைத் துண்டுகளும் இவ்வுறைநிலைகளைச் சுமந்து வரக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டுத் தொட்டி

120 சென்ட்டிமீட்டர் நீளமும் 300 இலீட்டர் கொள்ளளவும் உடைய தொட்டிக்குப் பின்வரும் வரிசை பொருந்தும். பாறையும் பாக்டீரியாவும் நிலைபெற்றதும் நத்தைகளும் துறவி நண்டுகளும், அடுத்து கடினமான மென்பவளங்கள் ஒன்றிரண்டும் இடப்படும். முதல் மீன்களாகத் தீச்சுடர் உளுவையும் இறாலுடன் வாழும் மஞ்சள் காவல் உளுவையும் வரும். தீச்சுடர் உளுவை அஞ்சினால் நீரை விட்டுத் துள்ளுமாதலால் தொட்டிக்கு வலை மூடி தேவை. சில வாரங்களுக்குப் பின் ஒரு சோடி பாங்காய் கார்டினல் மீன்களும் அதன்பின் ஒரு சோடி ஒசெல்லாரிசு கோமாளி மீன்களும் விடப்படலாம். இறுதியாக ஒரு மஞ்சள் டாங். (இவ்வளவு தொட்டியும் டாங் மீனுக்குச் சிறிதே என வாதிடுவோர் உளர், அவர்கள் கூற்றிலும் பொருள் உண்டு.) யூஃபிலியா ஒரு மூலையிலும் மோண்டிபோரா உச்சியிலும் இடம்பெறும். ஓராண்டு கழிந்து நுண்ணுயிர்கள் செழித்த பின்னரே மாண்டரின் மீனை எண்ணிப் பார்க்கலாம்.

மூலமும் சட்டமும்

சயனைடைப் பீய்ச்சி மீன் பிடிக்கும் முறை 1960களில் பிலிப்பைன்சில் தொடங்கிப் பின்னர் இந்தோனேசியாவுக்கும் பரவியது. தடை செய்யப்பட்ட பின்னரும் அது முற்றாக ஒழியவில்லை. இவ்வாறு பிடிபட்ட மீன் கடையில் நலமாகத் தோன்றினாலும் சில வாரங்களில் இறக்கக்கூடும். தொட்டியில் பிறந்து வளர்ந்த மீன்கள் இக்குறை அற்றவை, தயாரித்த உணவை ஏற்பவை, பூசலும் குறைந்தவை. கோமாளி மீன்கள் நெடுங்காலமாக இவ்வாறு பெருக்கப்படுகின்றன. மஞ்சள் டாங் மீனை அவாயிலும் நீல டாங் மீனைப் புளோரிடாவிலும் முறையே 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் தொட்டியில் பெருக்கினர். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளை மட்டும் தாயகமாகக் கொண்ட பாங்காய் கார்டினல் மீன் 2007இல் அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. இதன் ஆண் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் அடைகாப்பதால் வீட்டிலும் இனப்பெருக்கம் செய்ய எளிதானது. ஆகவே கடலில் பிடித்ததை வாங்க எக்காரணமும் இல்லை.

தமிழ்நாட்டில் மண்டபத்தில் உள்ள நடுவண் கடல்சார் மீன்வள ஆய்வு நிறுவன மையத்திலும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன் இனப்பெருக்க நுட்பங்கள் உருவாக்கப்பட்டுள்ளன.

பவளங்களின் நிலை வேறு. கற்பவளங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளன. இந்தியாவில் 2001ஆம் ஆண்டு முதல் கற்பவளங்களும் கடல்விசிறிகளும் கடற்குதிரைகளும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படுகின்றன. மன்னார் வளைகுடாவிலோ இலட்சத்தீவுகளிலோ பவளத்தையும் உயிர்ப்பாறையையும் எடுப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை உயிருடன் வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என 2022ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. இந்நிலையில் இந்திய வளர்ப்பாளர்கள் பலர் மீன்களை மட்டும் கொண்ட தொட்டியையே அமைக்கின்றனர். அதற்குச் செயற்கைப் பாறை போதுமானது.

பொருந்தாத உயிரினத்தை அகற்றல்

எவ்வளவு கவனமாகத் தெரிவு செய்தாலும் சில இணைகள் தோல்வியுறும். தொடர்ந்து துரத்தப்படும் மீன் மூலையில் நீர்மட்டத்தருகே ஒதுங்கி நிற்கும், உணவை மறுக்கும். அதனை உடனே தனிமைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அகற்றிய உயிரினத்தைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பாளரிடமோ ஒப்படைக்கலாம். கடலில் விடுதல் கூடாது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்கு உரிய சிங்கமீன் 1985இல் புளோரிடாக் கடற்கரையில் முதன்முதலாகக் காணப்பட்டது. தொட்டிகளில் இருந்து விடப்பட்டவையே இதன் மூலம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது. இன்று அது கரிபியக் கடல் முழுவதும் பரவி அங்குள்ள பவளப்பாறைகளின் சிறு மீன்களைத் தின்று வருகிறது.